கையெழுத்துப் போட முடிகிறபோதே

(பினாங்கில் மூத்தோருக்காக நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)

பெரியவர்களுக்கும், அவர்களைக் கூட்டி வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

உயில் எழுதியாச்சா என்று கேட்டால் உங்களில் பலர் தலையாட்டுவீர்கள். உயில் நாம் இறந்த பிறகுதான் பேசும். இபிஎஃப் என்னும் ஊழியர் சேமநிதியில் எழுதிக் கொடுத்த வாரிசுப் பெயரும் அப்படித்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு காலம் வரலாம். பக்கவாதத்தில் படுத்திருப்போம், இல்லை பெற்ற பிள்ளையின் பெயரே மறந்திருக்கும். அந்தக் காலத்தில் நம் காரியங்களை யார் பார்ப்பது?

இதற்குப் பலரும் நம்புவது, நம் சார்பில் காரியம் பார்க்க இன்னொருவருக்கு உரிமை தரும் அதிகாரப் பத்திரத்தை. நம் ஆட்கள் பவர் என்பார்கள். மலேசியாவின் 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதி, வழக்கறிஞர் போன்றவர் முன் கையெழுத்திட்டு, உயர் நீதிமன்றத்தில் பதிய வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்காக இங்கே வீட்டை விற்க அது நன்றாக உதவும். ஆனால் எழுதிக் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தவர் என்று நீதிமன்றம் தீர்மானித்துவிட்டால் அந்தப் பத்திரம் முடிந்தது. எந்த நாளை நினைத்து எழுதினோமோ அந்த நாளில் கைவிட்டுவிடும். சிங்கப்பூர்ச் சொந்தக்காரர்கள் எல்பிஏ போட்டுவிட்டோம் என்பார்கள். எழுதியவர் சித்தசுவாதீனம் இழந்த பிறகும் செல்லுகிற அதிகாரப் பத்திரம் அது. அங்கே 2008-இல் இயற்றிய சட்டம் அதற்கு இடம் தருகிறது. இங்கேயும் அப்படியொரு சட்டம் வேண்டும். நம் சங்கங்கள் அதை உரக்கக் கேட்க வேண்டும்.

இப்போதைக்கு உள்ள வழி 2001 மனநலச் சட்டம். உறவினர் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் விசாரணை கோர வேண்டும். மருத்துவர் அறிக்கை, வழக்கறிஞர் செலவு, காத்திருப்பு. அதன் பிறகே சொத்தைக் கவனிக்க ஆளை நியமிப்பார்கள். அதுவரை அப்பாவின் பேங்க் பணம் அப்பாவின் மருந்துக்கே எட்டாமல் போகலாம்.

மகனிடம் ஏடிஎம் பின் நம்பரைச் சொல்லிவிட்டேன், போதாதா என்பீர்கள். போதாது. நல்ல பிள்ளைக்குத்தான் அதில் ஆபத்து அதிகம். நாளை தம்பி தங்கைகள் கணக்குக் கேட்டால், நீங்கள் அனுமதித்தீர்கள் என்று காட்ட அவன் கையில் ஒரு தாளும் இருக்காது. மருந்துக்கும் வீட்டுச் செலவுக்கும் மட்டும் ஒரு கூட்டுக் கணக்கு திறந்து வையுங்கள். நீங்கள் நினைவிழந்தால் அந்தக் கணக்கு என்னாகும் என்று பேங்க்கில் முன்கூட்டியே கேளுங்கள். மொத்தச் சேமிப்பையும் அதில் போட வேண்டாம்.

சரி, யாரை நம்புவது? மூத்த மகன் என்று யோசிக்காமலே சொல்லிவிடுகிறோம். வயதைப் பார்க்காதீர்கள். கடனில் மாட்டாதவரா, ரசீதை எடுத்து வைப்பவரா, மற்றவர்கள் கேள்வி கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரா என்று பாருங்கள். அவர் கடைசி மகளாக இருக்கலாம், தங்கை மகனாகவும் இருக்கலாம். முதலில் அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள். இது பெரிய சுமை.

அப்புறம், யாரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று தேதி போட்டு எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்தத் தாள் நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வழக்கு வந்தால் நீங்கள் யாரை நம்பினீர்கள் என்பதற்கு அது சான்றாக நிற்கும். தீபாவளிக்குப் பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போது மருமக்களையும் உட்கார வைத்து, எல்லார் முன்னிலும் அதைப் படித்துக் காட்டுங்கள். ஆளுக்கொரு நகலும் கொடுங்கள்.