சாவுக்குக் கூடும் சங்கம் வீட்டுக்கும் கூடட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு சாவு விழுந்தால் அரை மணித்தியாலத்துக்குள் என்னென்ன நடக்கிறது? இரண்டு பேர் பெட்டி வாங்க டவுனுக்குப் போய்விடுவார்கள். நாலு பேர் மண்வெட்டியோடு குழி வெட்டப் போவார்கள். ஒருவர் பந்தலுக்குத் தகரம் இரவல் கேட்டு ஓடுவார். சாவு வீட்டுக்கு உதவும் மரணாதார சங்கத்தின் செயலாளர், கணக்கு எழுதும் சீஆர் கொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, சேர வேண்டிய காசை எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார். யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. கணக்கில் ஒரு ரூபாய் பிசகுவதும் இல்லை.

நான் 31 வருடம் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்தவன். அதற்கு இடையில் ஒரு தோட்டத்தில் வீடமைப்புக் கமிட்டிச் செயலாளராகவும் இருந்தேன். இன்றைக்கு வீட்டைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். ஆனால் வீட்டைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் அந்த சீஆர் கொப்பிதான் ஞாபகம் வருகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

லயம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். 10க்கு 12 அடியில் காம்பரா என்கிற ஒற்றை அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, மேலே தகரம். வெள்ளைக்காரன் காலத்தில் வேலையாளைத் தங்கவைக்கக் கட்டியது. பேர் பதிந்து வேலை செய்கிறவருக்குத்தான் காம்பரா, வேலை போனால் காம்பராவும் போகும் என்ற ஏற்பாடு அப்போதே வந்துவிட்டது. 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகம் மறுபடியும் கம்பெனிகளுக்குப் போனது, பிறகு காணி 53 வருடக் குத்தகைக்கும் போனது. கைகள் மாறின, காம்பரா அப்படியே இருந்தது. அதில் இருப்பவருக்கு அது சொந்தமும் இல்லை, வாடகையும் இல்லை.

வீடில்லாதவர் என்றால் கொழும்பில் கடை வாசலில் படுத்திருப்பவரைத்தான் நினைக்கிறோம். மலையகத்தில் வீடில்லாதவர் தெருவில் படுப்பதில்லை, அதனால் அவர் யார் கண்ணிலும் படுவதில்லை. அண்ணன் குடும்பம் காம்பராவில், தம்பி குடும்பம் இஸ்தோப்பில், தாய் அடுப்படியில். தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வருகிற பிள்ளை பக்கத்து வீட்டில் படுத்துவிட்டு விடிந்ததும் வருகிறான். நாற்பது வருடம் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்ற அம்மா, மருமகள் முகம் பார்த்துப் படுக்கிறார். இவர்கள் எல்லாம் வீடில்லாதவர்கள்தான். கணக்கெடுக்கும்போது இவர்களையும் எண்ணுங்கள் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்லி வருகிறேன். இன்னும் சொல்வேன்.

இப்போது கல் தூக்கிய கதைக்கு வருகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், கேட்காதவர்களும் இருப்பார்கள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு அக்கா. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். வீட்டுத்திட்டத்தில் அவருக்கு 7 பேர்ச் காணி கிடைத்தது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு மேலே, சரிவின் உச்சியில். வீட்டுக்காரரே கட்ட வேண்டும், ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு டீ.ஓ. என்கிற தொழில்நுட்ப அதிகாரி வந்து பார்த்து எழுதினால்தான் அடுத்த தவணைக் காசு வங்கிக்கு வரும். அக்கா ஒரு மேசன் பாஸிடம் அத்திவார வேலையை ஒப்படைத்தார். அவர் முற்பணத்தை வாங்கிக்கொண்டு இரண்டு கிழமை வேலை செய்தார், பிறகு வேறெங்கோ வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் பெயர் இங்கே வேண்டாம். மழையில் அத்திவாரக் குழிகளில் தண்ணீர் நின்றது. எப்படியோ வேறொருவரைப் பிடித்து அத்திவாரத்தை முடித்தோம், இரண்டாம் தவணையும் வந்தது, கல்லுக்குச் சொல்லி லொறியும் வந்தது. லொறி கோயில் முச்சந்தியோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் பாதை இல்லை.

அங்கிருந்து 300 அடி ஏற்றம். 1200 கல். ஒரு கல் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. மேலே ஏற்றிக் கொடுக்கக் கேட்ட கூலி, கல்லின் விலையில் பாதி. அக்கா என்னிடம் வந்து சொன்னார், "சேர், காசு ரோட்டோட நிக்குது. வீடு மேல இருக்கு."

அன்று இரவு மரணாதார சங்கக் கூட்டம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், நான் இந்தக் கதையைச் சொன்னேன். தலைவர் ஒரு பழைய கங்காணி, அதிகம் பேசாதவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "செத்தா தூக்கிட்டுப் போக நாலு பேரு வர்றோம். உசுரோட இருக்கிற புள்ளைக்குக் கல்லு தூக்க வரமாட்டோமா?"

ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு 62 பேர் வந்தார்கள். கோயில் முச்சந்தியிலிருந்து உச்சி வரை ஒரே வரிசை. கல் கைக்குக் கை ஏறியது. ஆண்கள் வேகமாகத் தொடங்கி ஒன்பது மணிக்கே களைத்துவிட்டார்கள். கொழுந்து எடுக்கிற பெண்கள் நின்ற இடத்தில் மட்டும் வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சரிவில் காலை எப்படி ஊன்றுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே. பகல் ஒரு மணிக்குக் கடைசிக் கல் மேலே போனது. உடைந்தது 11 கல்.

இதில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கொப்பியை. செயலாளர் அதே சீஆர் கொப்பியில் புதிய பக்கம் திறந்து கோடு போட்டார். பெயர், நாள், என்ன வேலை. கல் தூக்கியவருக்கு அரை நாள். பிளேன்டீயும் ரொட்டியும் செய்த ஐந்து பெண்களுக்குக் கால் நாள் என்று எழுதப் போனார். அந்த ஐந்து பேரில் ஒருவர் விடவில்லை. "விடியக்காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டுனோம். நீங்க ஏழு மணிக்குத்தானே வந்தீங்க?" கொப்பியில் வெட்டித் திருத்தி முழு நாள் என்று எழுதினார்கள். அந்தத் திருத்தத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். அக்கா அடுத்த ஒன்றரை வருடத்தில் மற்றவர்கள் வீட்டுக்கு மணல் சுமந்தும் சமைத்தும் அந்த நாட்களை ஒவ்வொன்றாகக் கழித்தார். ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து இருக்கிறது.

கூட்டு முயற்சி, பங்காளித்துவம் என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். நல்ல சொற்கள்தான். ஆனால் அங்கே மக்களின் பங்கு பெரும்பாலும் படிவத்தில் கையெழுத்துப் போடுவதோடு முடிந்துவிடுகிறது. புதிதாக ஒரு கமிட்டி போடுகிறார்கள். திட்டம் முடிந்ததும் கமிட்டியும் முடிகிறது. ஏற்கனவே இருக்கிற மரணாதார சங்கத்தை, கோயில் கமிட்டியை, மாதர் சங்கத்தை ஏன் தேடிப் போகக்கூடாது? தோட்டங்களில் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் பல வருடமாக இருக்கின்றன. அவற்றின் மூலம் கடன் எடுத்துக் கட்டிய வீடுகள் இன்றும் நிற்கின்றன. புதிய பெயர்ப்பலகையைவிடப் பழைய கொப்பி மேல் என்பது என் அபிப்பிராயம்.

மக்கள் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. கல் தூக்கலாம், காணியைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. காணியைக் கம்பெனி விட்டுத்தர வேண்டும், அரசாங்கம் அளந்து உறுதி எழுதித்தர வேண்டும். ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச். 7 பேர்ச் வீதம் பிரித்தால் கணக்குக்கு 22 வீடு, பாதையும் தண்ணீர் ஓடும் கானும் போக அதைவிடக் குறையும். மலிவான வீடு என்று சொல்கிறோம், காசு எங்கே போகிறது என்று பாருங்கள். இந்திய உதவித் திட்டத்தில் மலையகத்துக்கு முதலில் 4000 வீடு, பிறகு 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி அறிவித்த 10,000 வீடு. வீடு ஒன்றுக்கு 10 லட்சமாக இருந்த உதவி, சாமான் விலை ஏறி 28 லட்சமாக்க வேண்டி வந்தது. 2024 பெப்ரவரியில் 45 தோட்டங்களில் 1300 வீட்டுக்கு அடிக்கல் நாட்டினார்கள். விலை ஏறுகிற இந்தக் காலத்தில் 62 பேரின் அரை நாள் எவ்வளவு பெறும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீரியபெத்தையை யாரும் மறக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்தது, போக இடம் வரவில்லை. தப்பியவர்கள் ஏறக்குறைய இரண்டு வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் கிடந்த பிறகுதான் பூனாகலையில் 75 வீடு கிடைத்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் பள்ளிக்கூட மண்டபங்களில் பாய் விரித்துப் படுத்தோம். எழும்பிப் போங்கள் என்று சொல்கிறவர்கள் எங்கே போவது என்பதையும் அதே வாயால் சொல்ல வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், எங்கே போவது என்பதையும் சொல்ல வேண்டும். இதிலும் நாம் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. லயத்துக்குப் பின்னால் கான் அடைத்துக் கிடக்கிறதா, மண்சுவரில் புதிதாக வெடிப்பு வந்திருக்கிறதா, மரம் சரிந்து நிற்கிறதா, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கி வருகிறதா? கிழமைக்கு ஒருமுறை இரண்டு பேர் பார்த்து அந்தக் கொப்பியிலேயே எழுதி வையுங்கள், எழுதியதைக் கிராம சேவகரிடம் காட்டுங்கள்.

தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார். பிரதேச சபையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். முன்பு தோட்டத்துக்குள் காசு செலவழிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று கையை விரித்தார்கள். 2018இல் அந்தப் பிரிவைத் திருத்தியாகிவிட்டது. பாதைக்கும் குடிதண்ணீருக்கும் போய்க் கேளுங்கள், கேட்டதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அக்காவின் வீட்டுக்கு லொறி ஏறாததும் பாதை இல்லாததால்தானே.

காணி உறுதி பற்றி ஒன்றே ஒன்று. கணவன் மனைவி இருவர் பெயரும் அதில் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் வாசித்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு உங்கள் தோட்டத்தில் ஏ.எல். படிக்கிற பிள்ளை வாசித்துக் காட்டட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் மரணாதார சங்கக் கூட்டம் இருந்தால், மற்ற விடயங்கள் என்று வரும்போது எழும்பி, வீட்டுக்கு ஒரு பக்கம் திறப்போமா என்று கேட்டுப் பாருங்கள்.

வணக்கம்.