ஹிரால்டா ஏறிய கதை

வணக்கம் நேயர்களே. ஸ்பெயினின் தெற்கில் இருக்கும் செவீயா நகரத்துப் பெரிய தேவாலயம், அதன் மணிக்கோபுரம், பக்கத்து அரண்மனை, இந்த மூன்றையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கோபுரத்திலிருந்து தொடங்குகிறேன். என் மனம் அங்கேதான் நிற்கிறது.

கோபுரத்தின் பெயர் ஹிரால்டா. உயரம் 100 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். என்னோடு வந்த அம்மாவுக்கு முட்டி வலி. "நீ ஏறிட்டு வா, நான் கீழேயே இருக்கேன்" என்றார். உள்ளே எட்டிப் பார்த்தால் படிக்கட்டையே காணோம்! ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுவார்களே, அதுபோல் சாய்தளம். சுவரோரமாகத் திரும்பித் திரும்பி மேலே போகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் ஓர் எண். அம்மா அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே ஏறினார். ஜன்னல் வந்தால் நின்று மூச்சு வாங்குவார். அப்புறம் அடுத்த எண். 35 வரை வந்துவிட்டார்! கடைசியில் சில படிகள்தான், அதற்கு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஏன் சாய்தளம்? கட்டியபோது அது பள்ளிவாசலின் மினாரா. 1198இல் கட்டி முடித்தார்கள். பாங்கு சொல்லும் மோதினார் ஒரு நாளைக்கு ஐந்து வேளை உச்சிக்குப் போக வேண்டுமே! குதிரையிலேயே ஏறிப் போகலாம் என்றுதான் அப்படிக் கட்டினார்கள் என்று சொல்வார்கள். அவருக்காகப் போட்ட பாதையில்தான் எண்ணூறு வருடம் கழித்து என் அம்மா ஏறினார்.

1248இல் காஸ்தீல் நாட்டின் கிறிஸ்தவ அரசர் மூன்றாம் ஃபெர்னாண்டோ முஸ்லிம்களிடமிருந்து நகரத்தைப் பிடித்தார். பள்ளிவாசல் தேவாலயமானது. 1401இல் அந்த இடத்திலேயே புதிய தேவாலயம் கட்ட முடிவெடுத்தார்கள். தொழுகைக் கூடம் போனது, மினாரா போகவில்லை. அதை விட்டுவைத்தார்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பதினாறாம் நூற்றாண்டில் அதன் தலையில் மணிக்கூண்டை ஏற்றி, காற்றடித்தால் சுழலும் வெண்கலச் சிலையை வைத்தார்கள். தொழ வந்தவர்கள் கைகால் கழுவிய முற்றமும் அப்படியே இருக்கிறது. இன்றைக்கு அங்கே வரிசை வரிசையாக ஆரஞ்சு மரங்கள்.

தேவாலயத்துக்குள் கொலம்பஸின் கல்லறையைச் சுற்றி எப்போதும் கூட்டம். நான்கு அரசுகளின் பெயரால் நான்கு சிலைகள் அவர் பெட்டியைத் தோளில் சுமக்கின்றன. நான் போய் நின்றது அரச சிற்றாலயத்தில், ஃபெர்னாண்டோவின் கல்லறை முன்னால். அவரைப் பற்றிய வாசகம் லத்தீனில் இருக்கிறது, காஸ்தீலிய மொழியில், அதாவது ஸ்பானிஷில் இருக்கிறது, அரபியிலும் எபிரேயத்திலும் இருக்கிறது. யாரிடமிருந்து ஊரைப் பிடித்தாரோ அவர்கள் மொழியிலும்!

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சரி, அல்காசர் அரண்மனையைப் பற்றி ஒன்றே ஒன்று. கிறிஸ்தவ அரசர் பேத்ரோ 1360களில் அங்கே கட்டிய மாளிகையின் முகப்பை அண்ணாந்து பாருங்கள். நீல ஓடுகளில் கட்டம் கட்டமாக ஏதோ கோலம் போலத் தெரியும். அது அரபி எழுத்து. "அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் இல்லை" என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. உள்ளே நுழைகிற அவசரத்தில் அதை விட்டுவிடாதீர்கள். வணக்கம்.