நெருப்பு மூட்டாத நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

யூதர்களின் ஓய்வுநாளான சபாத், வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கி சனிக்கிழமை இரவு நட்சத்திரங்கள் தெரியும்வரை நீடிக்கிறது. அந்த நாளில் வீடுகளில் நெருப்பு மூட்டக் கூடாது என்று யூத வேதத்தின் யாத்திராகமம் என்ற நூலின் 35ஆம் அதிகாரம் சொல்கிறது. ஒரே ஒரு வசனம்தான். ஆனால் அதைப் பின்பற்றுவதில் யூதர்களுக்குள்ளேயே எத்தனை வழிகள் இருக்கின்றன என்று பார்ப்போம்.

நாளுக்கு முன்பே ஏற்றிய விளக்கு தொடர்ந்து எரியலாம் என்றார்கள் பழங்கால ரபிகள், அதாவது யூத மத அறிஞர்கள். அதனால்தான் வெள்ளி மாலை பொழுது சாய்வதற்குள் யூதப் பெண்கள் சபாத் விளக்கை ஏற்றிவிடுகிறார்கள். ரபிகளின் வாய்மொழி மரபை ஏற்காத காரைட்டுகள் என்ற யூதப் பிரிவினரோ, நெருப்பு எரியவே கூடாது என்றார்கள். இடைக்காலத்தில் அவர்கள் வெள்ளி இரவை இருட்டிலேயே கழித்தார்கள்.

அப்புறம் மின்சாரமும் காரும் வந்தன. காரின் எஞ்சினுக்குள் எரிபொருள் எரிகிறது, அதுவும் நெருப்புதான் என்பது மரபை இறுக்கமாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவின் நிலை. ஆகவே அவர்கள் ஜெப ஆலயத்துக்கு நடந்துதான் போவார்கள். நடக்கும் தூரத்தில் வீடு பார்ப்பார்கள். அப்படியே ஆலயத்தைச் சுற்றி ஒரு குடியிருப்பே உருவாகிவிடும். அந்த நாளில் சுவிட்சைத் தொடாமலிருக்க, மின்விளக்குகளை டைமரில் பொருத்தி முன்கூட்டியே நேரம் குறித்து வைப்பார்கள். சட்டத்தை ஏமாற்றுகிறார்கள் என்று இதைச் சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டத்தோடு வாழ்ந்தே தீருவது என்று முடிவெடுத்தவர்களின் உழைப்பு அது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க யூதர்கள் பலர் புறநகர்களில் குடியேறினார்கள். ஆலயம் எட்டாத தூரமாகிவிட்டது. 1950இல், மரபைக் காத்துக்கொண்டே காலத்துக்கேற்ற மாற்றத்தையும் ஏற்கும் கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக் குழு ஒரு முடிவு எடுத்தது. ஆலயத்துக்கு வர வேறு வழியில்லை என்றால், வழிபாட்டுக்காக மட்டும் கார் ஓட்டலாம். கடைக்குப் போக அல்ல. வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பதைவிடச் சபையோடு சேர்ந்து தொழுவது மேல் என்று அவர்கள் நினைத்தார்கள். ஆனால் காரில் வரலாம் என்றானதும், ஆலயத்துக்குப் பக்கத்தில் குடியிருக்க வேண்டிய காரணமே போய்விட்டது. அக்கம்பக்கம் சேர்ந்து வாழ்ந்த சமூகம் சிதறியது என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே பலர் வருந்தினார்கள். அதே பிரிவைச் சேர்ந்த இஸ்ரேல் ரபிகள் இந்த அனுமதியைப் பின்னாளில் ஏற்க மறுத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, இழப்பும் இருக்கிறது.

ரிஃபார்ம் பிரிவின் பாதை வேறு. மோசேயின் சட்டத்தில் ஒழுக்க நெறிகள் மட்டுமே தங்களைக் கட்டுப்படுத்தும் என்று 1885இல் பிட்ஸ்பர்க் நகரில் கூடிய அதன் ரபிகள் அறிவித்தார்கள். எதைக் கடைப்பிடிப்பது என்பதை, மரபைக் கற்று அவரவரே தீர்மானிக்கலாம். இதைக் கேட்டு, இவர்கள் எல்லாவற்றையும் கைவிட்டவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அதே பிட்ஸ்பர்க்கில் 1999இல் கூடியபோது, பழைய கட்டளைகளை மறுபடி கற்கவும், தங்களை அழைப்பவற்றைக் கைக்கொள்ளவும் ரிஃபார்ம் ரபிகள் தம் மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். இன்று வெள்ளி மாலை விளக்கேற்றிவிட்டு, காரில் ஆலயத்துக்குக் கிளம்பும் ரிஃபார்ம் குடும்பங்கள் பல உண்டு.

கேட்டிருந்த உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.