பாரிசவாதத்துக்கு ரோபோவா, பிசியோட கையா?

வணக்கம் உறவுகளே, திருகோணமலையில இருந்து கதைக்கிறன். பாரிசவாதம் வந்தவங்கள ரோபோ பூட்டி நடக்க வைக்கிற வெளிநாட்டு வீடியோவப் பாத்துட்டு, "அது இல்லாட்டி எழும்பேலாதோ" எண்டு கேக்கிறீங்க.

முதல்ல கால். லோகோமாட் எண்ட மெஷின்ல ஆள ஒரு வார்ப்பட்டியில தொங்க விட்டு, உடம்புப் பாரத்தில ஒரு பங்கைத் தூக்கிட்டு, மோட்டர் பூட்டின சட்டத்த ரெண்டு காலிலயும் கட்டி ட்ரெட்மில்லில நடத்துவாங்க. மோட்டர் அச்சு இடுப்பு மூட்டுக்கு நேர இருக்கோணும். விலகினா பட்டி தோல உரஞ்சும். உணர்வு குறைஞ்ச காலுக்கு அது தெரியாது, அதால ஒவ்வொரு முறையும் கழட்டினதும் சிவந்திருக்கா எண்டு பாக்கோணும். இன்னொண்டு, மெஷினே காலத் தூக்கி வச்சா ஆள் சும்மா இருந்திடுவார். அதுக்காகத்தான் மெஷின்ர உதவியக் கொஞ்சங்கொஞ்சமாக் குறைக்கிறது.

அமெரிக்காவில 2009இல வெளிவந்த ஆய்வு ஒண்டில, ஏற்கனவே ஓரளவு நடக்கக்கூடிய 63 பேரில, பிசியோ (இயன்மருத்துவர்) கையாலயே பயிற்சி குடுத்த நோயாளிகள்தான் வேகத்திலயும் தூரத்திலயும் கூட முன்னேறினாங்க. மெஷின் இடுப்பப் பிடிச்சு வச்சிருக்கும், பாரத்த ஒரு காலில இருந்து மற்றதுக்கு மாத்திற வேலைய ஆள் பழகிறதே இல்ல. ஆனா முதல் மூண்டு மாசத்துக்குள்ள, நடக்கவே ஏலாதவருக்கு, பிசியோவோட சேத்து மெஷினும் குடுத்தா தனிய நடக்கிற வாய்ப்புக் கூடுது. அப்பிடிப்பட்டவர நடத்த ரெண்டு மூண்டு பேர் வேணும், அவங்களும் களைச்சுப் போவாங்க. மெஷின் களைக்காது.

கை வேற கதை. பிரிட்டனில 770 பேர மூண்டு குழுவாப் பிரிச்சு, ஒரு குழுவுக்குக் கிழமைக்கு மூண்டு தரம், 45 நிமிசம், 12 கிழமை ரோபோ பயிற்சி குடுத்தாங்க. 2019இல முடிவு வந்தது. வழமையான சிகிச்சைய விடக் கையின்ர பாவனை கூடேல்ல. ரோபோவின்ர பலம் எண்ணிக்கைதான், ஒரே அசைவ நூற்றுக்கணக்கில செய்ய வைக்கும். சாதாரண அமர்வில கைக்கு முப்பது தரம் கிடைச்சாலே பெரிசு.

அந்த எண்ணிக்கைய வீட்டில கூட்டலாம், பிசியோ பாத்துச் சரியெண்ட பிறகு. மேசையில துவாய் விரிச்சு, ஏலாத கைய வச்சு முன்னுக்குத் தள்ளுங்க, 20 தரம், அஞ்சு சுற்று. நெஞ்சு முன்னுக்குச் சாஞ்சா கை வேலை செய்யேல்ல, உடம்புதான் செய்யுது. ஒரு சால்வையால நெஞ்ச இறுக்காமக் கதிரையோட கட்டுங்க.

காலுக்கு, கதிரையில இருந்து எழும்பி இருக்கிறது. ஏலாத பாதத்தச் சற்றுப் பின்னால வையுங்க, இல்லாட்டி நல்ல கால்தான் முழுப் பாரத்தையும் எடுத்திடும். 10 தரம், நாலு சுற்று, பக்கத்தில ஒராள் நிக்கோணும். தலை சுத்தினா, நெஞ்சு நொந்தா உடன நிப்பாட்டுங்க.

கக்கத்தில பிடிச்சு, கையால இழுத்துத் தூக்காதீங்க. தோள்மூட்டு இறங்கிடும், பிறகு மாசக்கணக்கா நோ.

உப்புவெளிக் கடற்கரையில நடத்தலாமோ எண்டா, பாதம் தொங்கிறவர மென்மணலில நடத்தாதீங்க, விரல் புதைஞ்சு தடக்கி விழுவார். சிமெந்துத் தரையிலயே நடத்துங்க.