யாருக்கு எந்தக் கட்டில்?

நேயர்களுக்கு வணக்கம். பள்ளி விடுதி என்றதும் உங்களில் பாதிப் பேருக்குத் தண்ணீராக ஓடிய சாம்பார் நினைவுக்கு வரும். மீதிப் பேருக்கு வார்டன் கையிலிருந்த பிரம்பு. விடுதியில் தங்கிப் படித்த யாரைக் கேட்டாலும் இந்த இரண்டு கதைகளும் தயாராக இருக்கும். நான் பேச வந்தது கட்டிலைப் பற்றி. யாருக்கு எந்தக் கட்டில், யார் பக்கத்தில் யார் என்று ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தாளில் எழுதி அறைக் கதவில் ஒட்டுவோம். கட்டில் பட்டியல் என்று அதற்குப் பெயர். கணக்கு ஆசிரியையாக எத்தனையோ வினாத்தாள் தயாரித்திருக்கிறேன். எந்த வினாத்தாளுக்கும் இந்தப் பட்டியலுக்கு யோசித்த அளவுக்கு நான் யோசித்ததில்லை.

நான் பணியாற்றியது ஜவகர் நவோதயா வித்யாலயாவில். தமிழ்நாட்டு நேயர்களுக்கு இந்தப் பெயர் அரசியல் செய்திகளில்தான் பழக்கம். மும்மொழிப் பிரச்சினையால் அங்கே இந்தப் பள்ளி ஒன்றுகூட இல்லை. நம் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கிலும் இருக்கிறது. மத்திய அரசு 1985-86-ல் ஹரியானாவில் ஜஜ்ஜர், மகாராஷ்டிரத்தில் அமராவதி என்று இரண்டே இரண்டு பள்ளிகளோடு தொடங்கியது. இன்றைக்கு நாடு முழுவதும் 650-க்கும் மேல். நுழைவுத் தேர்வு எழுதி ஆறாம் வகுப்பில் சேர வேண்டும். ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு 80 பிள்ளைகள்தான் அதிகபட்சம். அதில் 75 விழுக்காட்டுக்குக் குறையாமல் கிராமப்புறப் பிள்ளைகள், மூன்றில் ஒரு பங்காவது பெண் பிள்ளைகள். தங்குவது, சாப்பிடுவது, சீருடை, புத்தகம் எல்லாம் பள்ளியே பார்த்துக்கொள்ளும். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அங்கேயே இருந்து படிக்க வேண்டும்.

விடுதியை நான்கு ஹவுஸ்களாகப் பிரித்திருப்பார்கள். ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி. மண்மேடுகூடப் பார்க்காமல் வயலும் கடலுமாக வளர்ந்த நம் பக்கத்துப் பிள்ளை, பள்ளியில் காலை வைத்ததுமே ஒரு மலையைச் சேர்ந்தவளாகிவிடுவாள். ஆறு முதல் எட்டு வரை ஜூனியர், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை சீனியர். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் கட்டடம் தனித்தனி, ஹவுஸின் பெயரும் போட்டியில் சேரும் புள்ளியும் பொது. ஒவ்வொரு ஹவுஸுக்கும் ஓர் ஆசிரியர் பொறுப்பு. பெண் பிள்ளைகளின் ஹவுஸ் ஒன்றுக்கு நான் ஹவுஸ் மிஸ்ட்ரஸ்.

இப்போது கட்டிலுக்கு வருகிறேன்.

பள்ளி திறக்கும் நாளன்று வாசலில் நின்று பார்த்தால் ஒன்று புரியும். காரில் வருகிறவர்கள் காலையிலேயே வந்துவிடுவார்கள். இரண்டு பஸ் மாறி, கூலி வேலையில் அரை நாள் விட்டுவிட்டு வருகிறவர்கள் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வந்து சேருவார்கள். முதலில் வந்தவர்கள் முதலில் பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? ஒரு அறையில் நல்ல கட்டில்கள் சில இருக்கும். மின்விசிறிக்கு நேர் கீழே இருப்பது, ஜன்னலோரம் இருப்பது. நல்லதல்லாத கட்டில்களும் இருக்கும். முக்கியமாக, குளியலறை வாசலுக்கு எதிரே இருப்பது. இரவெல்லாம் கதவு சத்தமும் ஈரக் காலும் அங்கேதான். யாரும் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்ய வேண்டாம். பாகுபாடு பார்க்க வேண்டும் என்று யாரும் நினைக்கவே வேண்டாம். சாயங்காலத்துக்குள் ஒப்பந்தக்காரர் மகள் விசிறிக்குக் கீழேயும், நடவு வேலைக்குப் போகிறவர் மகள் குளியலறை வாசலிலும் இருப்பார்கள். ஊரில் இருக்கிற வரிசை அப்படியே அறைக்குள் வந்து படுத்துக்கொள்ளும்.

அதனால்தான் சொல்கிறேன், பட்டியல் முதல் நாளே கதவில் ஒட்டியிருக்க வேண்டும். பள்ளி திறக்கும் நாளுக்கு முதல் நாள். பெற்றோர் வந்து கேட்பார்கள். "டீச்சர், பிள்ளைக்கு வியர்வை ஒத்துக்கொள்ளாது, அந்தக் கட்டிலைக் கொடுத்துவிடுங்களேன்" என்பார்கள். காரைக்கால் பக்கத்துச் சித்திரை வைகாசியில் யாருக்கம்மா வியர்வை ஒத்துக்கொள்கிறது? பருவத்துக்கு ஒருமுறை எல்லோரும் இடம் மாறுவார்கள், உங்கள் பிள்ளைக்கும் விசிறி வரும், குளியலறை வாசலும் வரும் என்று சொல்லி அனுப்புவேன். சிலர் முறைத்துக்கொண்டு போவார்கள். போகட்டும்.

அடுத்து, யார் பக்கத்தில் யார். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வயது பத்து, பதினொன்று. வீட்டில் பாட்டியோடு பாயில் படுத்தவள். தனியாகப் படுத்ததே இல்லை. எங்கள் பள்ளியில் இருந்தவை இரண்டடுக்கு இரும்புக் கட்டில்கள். ஆறாம் வகுப்பு கீழே, எட்டாம் வகுப்பு மேலே என்று வைத்தேன். விழுந்துவிடக் கூடாது என்பது ஒரு காரணம். கொசுவலையை எப்படிச் செருகுவது, தலைமுடியைத் தானே எப்படிப் பின்னிக்கொள்வது, சோப்பை எங்கே வைத்தால் அடுத்த நாளும் இருக்கும் என்பதையெல்லாம் மேலே இருக்கிறவள் ஒரு வாரத்தில் கற்றுக்கொடுத்துவிடுவாள். இதை ஒரு டீச்சர் சொல்லிக்கொடுத்தால் ஒரு பருவம் ஆகும். ஒரே ஊரிலிருந்து இரண்டு பிள்ளைகள் சேர்ந்து வந்தால், அடுத்தடுத்த கட்டில் கொடுக்க மாட்டேன். வேறு அறைக்கும் அனுப்ப மாட்டேன். தலையைத் தூக்கினால் தெரிய வேண்டும், கையை நீட்டினால் எட்டக் கூடாது. அந்தத் தூரத்தில் வைத்தால் இரண்டு பேரும் அழுவதும் குறையும், வேறு பிள்ளைகளோடு பேசவும் தொடங்குவார்கள்.

வயது கலந்து வைப்பதில் ஆபத்தும் உண்டு. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையை ஏவத் தொடங்கும். அடி, மிரட்டல் என்று எடுத்தவுடன் வராது. முதலில் "தண்ணீர் பிடித்துக்கொண்டு வா" என்றுதான் தொடங்கும். எங்கள் விடுதியில் காலை ஐந்தரைக்கு எழுந்து உடற்பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததும் குழாயடியில் வாளிக் கூட்டம். நான் அந்த நேரத்தில் போய்ச் சும்மா நிற்பேன். எதுவும் கேட்க மாட்டேன். கையில் ஒரு வாளி இருந்தால் சரி. ஆறாம் வகுப்புப் பிள்ளை இரண்டு வாளி தூக்கிக்கொண்டு, தோள் ஒரு பக்கம் சாய்ந்து, வழியெல்லாம் தண்ணீர் சிந்திக்கொண்டு வந்தால், அந்த இரண்டாவது வாளியில் எழுதியிருக்கிற பெயரைப் படிப்பேன். அதற்காகவே வாளியில் பெயின்ட்டில் பெயர் எழுதச் சொல்லியிருந்தேன். பிள்ளையைக் கேட்டால் "நானாகத்தான் தூக்கினேன் மேடம்" என்றுதான் சொல்லும். எப்போதும் அப்படித்தான் சொல்லும். வாளியைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். அதன் சொந்தக்காரியை அன்று சாயங்காலம் கூப்பிட்டுப் பேசினால் போதும், பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். விடுதிப் பொறுப்பில் இருக்கிற இளம் ஆசிரியர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து குழாயடிக்குப் போய் நில்லுங்கள்.

சாம்பாருக்கு வருவேன் என்று யாராவது எதிர்பார்த்தால், இதோ வந்துவிட்டேன். மெஸ்ஸில் எல்லோரும் ஒரே வரிசையில் தட்டை ஏந்தி நின்று, ஒரே அடுப்பில் வெந்ததைச் சாப்பிடுகிறார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு இதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் இந்த மண்ணில் ஒரு பள்ளி விடுதியின் பந்தி அரசியலையே உலுக்கியிருக்கிறது. வ.வே.சு. ஐயர் 1922-ல் தொடங்கி, சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில், பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போட்டார்கள் என்ற செய்தி வெளியே வந்தது. அப்போது காங்கிரஸில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்துக் கிளம்பினார்கள். காந்தியடிகள்வரை வழக்குப் போனது. 1925-ல் பெரியார் காங்கிரஸை விட்டு விலகியதற்கான காரணங்களில் அந்தப் பந்தியும் ஒன்று. ஐயர் சிறந்த தேசபக்தர், தமிழுக்கு உழைத்தவர். இரண்டே இரண்டு இலைதானே என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். விடுதியில் அந்த "இரண்டே இரண்டு"தான் எல்லாவற்றையும் கெடுக்கும். ஒரு பிள்ளைக்கு வீட்டிலிருந்து தனிச் சாப்பாடு, ஒரு பிள்ளைக்குத் தனி டம்ளர் என்று யார் வந்து கேட்டாலும், மருத்துவர் சீட்டு இருந்தால் ஒழிய, நான் சம்மதித்ததில்லை.

இனி வடக்கிலிருந்து வரும் பிள்ளைகள். நவோதயாவில் இது ஒரு தனி ஏற்பாடு. இந்தி பேசும் மாநிலத்துப் பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் 30 விழுக்காட்டுப் பேரை இந்தி பேசாத பகுதிக்கு ஓராண்டுக்கு அனுப்புவார்கள். இங்கிருந்தும் அதேபோல் அங்கே போவார்கள். விதியில் 30 என்றாலும் எங்கள் பள்ளியில் அது நிறைந்தது அபூர்வம். அனுப்ப மாட்டேன் என்று அழுகிற அம்மாக்கள் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு.

வந்து இறங்கியதும் அவர்கள் கேட்பது ஒன்றுதான், எங்கள் எல்லோரையும் ஒரே மூலையில் போடுங்கள். அப்படிப் போட்டால் ஓராண்டும் அந்த மூலை தனித் தீவாகவே இருந்துவிட்டுப் போகும். ஒற்றுமை என்று சொல்லி ஆளுக்கொரு அறையில் பிரித்துப் போடுகிறவர்களும் உண்டு. அது கொடுமை. பதினான்கு வயதுப் பெண்ணுக்கு இரவில் தன் மொழியில் புலம்ப ஒரு ஆள் வேண்டாமா? நான் இரண்டிரண்டு பேராக வைத்தேன். இரண்டு பேருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நம் பிள்ளைகள்.

ஓர் ஆண்டு அப்படி வந்த பெண் ஒருத்தி, ஒரு ரஜாயைச் சுருட்டிக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தாள். ரஜாய் என்பது பஞ்சு அடைத்துத் தைத்த கனமான குளிர்காலப் போர்வை. நம் ஊருக்கு ரஜாய்! மார்கழியில்கூட இங்கே மெல்லிய போர்வை போதும். பாவம், அவள் பாட்டி கட்டிக்கொடுத்தது. சில வாரம் கட்டிலுக்குக் கீழே கட்டு அவிழ்க்காமல் கிடந்தது. பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குச் சீருடை தேய்க்க மேசை கிடைக்கவில்லை, ஒரு நாள் கேட்டு வாங்கித் தரையில் விரித்தாள். சட்டை மடிப்பு கத்தி மாதிரி விழுந்தது. அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அறை முழுவதும் அந்த ரஜாய்க்கு வரிசை. ரஜாயின் சொந்தக்காரி பக்கத்தில் உட்கார்ந்து யார் முன்னால், யார் பின்னால் என்று தீர்ப்புச் சொல்வாள். அரைகுறைத் தமிழில், ஆனால் மிகவும் கண்டிப்பாக. தேசிய ஒருமைப்பாட்டுக்கு நாங்கள் மேடை போட்டு நாடகமெல்லாம் நடத்தியிருக்கிறோம். இந்தியில் நம் பிள்ளைகள் வசனம் பேசுவார்கள், தமிழில் அவர்கள் பாடுவார்கள், விருந்தினர் கைதட்டுவார். ஒன்றும் தவறில்லை. ஆனால் அந்த அறையை ஒன்றாக்கியது ரஜாய்தான். அந்த ரஜாய் தரையில் விரிந்ததற்குக் காரணம், பக்கத்துக் கட்டிலில் நம் பிள்ளை இருந்தது. பாருங்கள், திரும்பவும் கட்டில் பட்டியலுக்கே வந்துவிட்டேன்.

இங்கிருந்து போய்த் திரும்புகிற பிள்ளைகளும் மாறித்தான் வருவார்கள். ராஜ்மா எப்போது போடுவீர்கள் என்று கேட்பார்கள். போவதற்கு முன்னால் சப்பாத்தியைத் தட்டில் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனவர்கள்தான் அவர்கள்.

துணிகளைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். ஒரு ஹவுஸில் எல்லோருக்கும் ஒரே நிற டி-ஷர்ட், கொடியிலிருந்து எது யாருடையது என்று தெரியாது, காலருக்கு உள்ளே சிவப்பு நூலில் எண் தைப்போம். இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன், நேரமில்லை. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒரே வளாகத்தில் வளர்வதைப் பற்றியும் கடைசியாகப் பேசுவதாக இருந்தேன். சுருக்கமாக ஒன்று மட்டும். ஒரே ஹவுஸ் என்று சொல்லிவிட்டு, பெண்கள் கட்டடத்தின் கதவை மட்டும் முன்னதாகவே பூட்டுகிற வழக்கம் பல விடுதிகளில் இருக்கிறது. மாலையில் ஆண் பிள்ளைகள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போது பெண் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாதுகாப்பு வேண்டும், மறுக்கவில்லை. பூட்டுகிற நேரம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றாக இருக்கட்டும், அவர்களும் சேர்ந்து உள்ளே போகட்டும். இதற்கு அலுவலக உத்தரவு எதுவும் வேண்டியதில்லை, கடிகாரம் பார்க்கத் தெரிந்தால் போதும்.

ஆறாம் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பப்போகிற பெற்றோருக்கு: டிரங்குப் பெட்டிப் பூட்டுக்கு இரண்டு சாவி, ஒன்றைக் கட்டாயம் ஹவுஸ் மிஸ்ட்ரஸிடம் கொடுத்துவிடுங்கள். வாளியில் பெயர் எழுதுங்கள், ஸ்டிக்கர் வேண்டாம், ஒரே வாரத்தில் உரிந்துவிடும். முதல் மாதம் பிள்ளை போனில் அழுதால் உடனே பஸ் ஏறி வந்துவிடாதீர்கள். பேச வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.