மூன்று நாளில் முடியாத மருந்து

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மனநல மருத்துவப் பேராசிரியர் அவர்களே, நான் சொல்லவிருந்தவற்றுள் பாதியை எனக்கு முன்பே என்னைவிடத் தெளிவாகச் சொல்லி முடித்துவிட்ட மருந்தியல் துறைத் தலைவர் அம்மையார் அவர்களே, என்னைப் பற்றி நானே அறிந்திராத சிறப்புகளையெல்லாம் வரவேற்புரையில் எடுத்துரைத்த செயலாளர் அவர்களே, நலம்பெற்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவர்களுக்குத் துணைநின்ற குடும்பத்தாரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். மனநோய் என்றாலே குரலைத் தாழ்த்திப் பேசும் வழக்கமுள்ள நாளில், ஒலிபெருக்கி வைத்துப் பேச ஏற்பாடு செய்த தலைவர் அவர்களுக்கு முதலில் நன்றி சொல்வது என் கடமை.

‘மருந்தும் விருந்தும் மூன்று நாள்’ என்பார்கள். என் உரைகளை முன்பே கேட்டவர்கள் இப்பழமொழியை எதிர்பார்த்தே வந்திருப்பீர்கள். மூன்று செய்திகளைச் சொல்ல நினைக்கிறேன்: மனச்சோர்விலும் பதற்றத்திலும் மூளையில் நடப்பது என்ன, மருந்துகள் எவ்வாறு வேலை செய்கின்றன, உளவியல் சிகிச்சைக்கும் மருந்துக்கும் உள்ள உறவு என்ன.

அச்சத்தை உணரும் அமிக்டலா என்ற சிறு பகுதி, பாதாம்பருப்பின் வடிவில், மூளையின் இருபுறமும் அமைந்திருக்கிறது. ஆபத்து என்று அது கருதியவுடன் ஹைப்போதலாமஸ் வழியாக அட்ரினல் சுரப்பிவரை செய்தி சென்று, கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் சுரக்கிறது. ஆபத்து நீங்கியதும் நெற்றிப்பகுதி மூளையும், நினைவுக்குத் துணைநிற்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும் இந்த எதிர்வினையை அடக்க வேண்டும். பதற்ற நோயில் இந்த அடக்கும் ஆற்றல் தளர்கிறது. நெடுநாள் மனச்சோர்வில் ஹிப்போகாம்பஸின் கன அளவு சற்றுக் குறைந்திருப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, ‘மனத்தைத் திடப்படுத்திக்கொள்’ என்று அறிவுரை கூறுவோர், திடப்படுத்த வேண்டிய உறுப்பே நோயுற்றிருக்கிறது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

நரம்புச் செல்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரோட்டோனின் குறைந்தால் மனச்சோர்வு, கூடினால் மகிழ்ச்சி என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவ்வளவு எளிதாக இருந்தால் நாம் இங்கே கூடியிருக்க வேண்டியதே இல்லை. நரம்புச் செல்கள் வெளியிட்ட செரோட்டோனினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுப்பவை ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ராலின் போன்ற மருந்துகள். அந்தத் தடை சில மணி நேரத்திலேயே ஏற்பட்டுவிடுகிறது; மனமோ இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத்தான் தெளியத் தொடங்குகிறது. செரோட்டோனின் கூடுவதை உணர்ந்து சுரப்பைக் குறைக்கும் ஏற்பிகள் செல்லிலேயே உண்டு. அவை மெல்ல மெல்ல உணர்விழக்க வேண்டும். நரம்பிணைப்புகள் புதிதாக வலுப்பெற வேண்டும். இவற்றுக்கே அத்தனை நாள் பிடிக்கிறது என்பது இன்றைய விளக்கம். குமட்டலும் படபடப்பும் மட்டும் முதல் வாரத்திலேயே வந்துவிடுகின்றன. துன்பம் முதலில், பயன் பின்னர் என்ற இந்த இடைவெளியில்தான், ‘மருந்தும் விருந்தும் மூன்று நாள்’ என்று சொல்லி மாத்திரையைத் தூக்கி எறிகிறார்கள்.

இங்கே லித்தியம் என்ற மருந்தின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். சற்று நீளும், பொறுத்தருள்க. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிக்கி, சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்றரை ஆண்டுகள் கைதியாக இருந்தவர். நாடு திரும்பி, மெல்போர்ன் அருகே பண்டூரா மனநல மருத்துவமனையில் பணியாற்றியபோது, மட்டுமீறிய மனக்கிளர்ச்சிக்கு உடலில் தோன்றும் ஏதோ ஒரு நஞ்சே காரணம் என்று நம்பினார். நஞ்சானால் சிறுநீரில் வெளியேறத்தானே வேண்டும்? நோயாளிகளின் சிறுநீரைச் சேகரித்து, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில், உணவுப் பொருள்களுக்கு அருகிலேயே சீசா சீசாவாக அடுக்கினார். (ஜான் கேட் பெற்ற பேறுகளுள் தலையாயது அவருடைய இல்லத்தரசியாரின் பொறுமை என்றே நான் கருதுகிறேன்.) பயன்படாமல் கிடந்த ஓர் அறையை ஆய்வகமாக்கி, அந்தச் சிறுநீரைக் கினிப்பன்றிகளுக்கு ஊசியாகச் செலுத்தினார். யூரிக் அமிலத்தின் பங்கை அறிய விரும்பினார். அது நீரில் எளிதில் கரையாது. அந்த அமிலத்தின் கரையக்கூடிய உப்பு வேண்டுமே என்று லித்தியம் யூரேட்டை எடுத்தார். துள்ளும் கினிப்பன்றிகள் சாந்தமாயின. மல்லாத்திப் போட்டாலும் திமிறாமல் கிடந்தன. யூரேட் இல்லாத லித்தியம் கார்பனேட்டும் அவ்வாறே செய்தது. அந்த விலங்குகள் அமைதியடையவில்லை, லித்தியத்தின் நச்சால் சோர்ந்து கிடந்தன என்று பின்னாளில் சிலர் வாதிட்டார்கள். தவறான காரணத்தைப் பின்தொடர்ந்து சரியான மருந்தை அடைந்தார் என்பதே பொருத்தம்.

லித்தியத்தை முதலில் தாமே உட்கொண்டு பார்த்துவிட்டு, 1948 மார்ச்சில், ஐந்தாண்டுகளாகக் கிளர்ச்சி ஓயாத ஒருவருக்குக் கொடுத்தார். சில வாரங்களில் அவர் அடங்கினார். ஜூலையில் வீடு திரும்பினார். பழைய வேலையிலும் சேர்ந்தார். கைதட்டுகிறீர்கள், கதை முடியவில்லை. நலமாக இருக்கிறோமே, இனி எதற்கு என்று அவர் மருந்தை நிறுத்தினார். 1949 ஜனவரியில் மீண்டும் மருத்துவமனைக்கே வந்து சேர்ந்தார். மறுபடி மருந்து தொடங்கிற்று. அக்காலத்தில் குருதியிலுள்ள லித்தியத்தின் அளவைப் பார்த்து மருந்து கொடுக்கும் வழக்கம் இல்லை. 1950இல் லித்திய நச்சால் அவர் இறந்தார். கேட்டின் கட்டுரை வெளிவந்த 1949இலேயே, சமையல் உப்புக்கு மாற்றாக லித்தியம் குளோரைடை உண்டு சிலர் மாண்டதால், அமெரிக்கா அதைத் தடைசெய்தது. 1970இல்தான் அங்கே லித்தியம் மருந்தாக ஏற்கப்பட்டது. ஒரே நோயாளியிடம் இரண்டு பாடங்களும் இருக்கின்றன: தானே நிறுத்தியதால் நோய் திரும்பியது, அளவு பாராமல் தொடர்ந்ததால் உயிர் போயிற்று. இன்று ஒரு லிட்டர் குருதியில் 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை லித்தியம் இருக்குமாறு பார்க்கிறோம், 1.5ஐத் தாண்டினால் அபாயம். சிறுநீரகத்தையும் தைராய்டையும் தவறாமல் சோதிக்க வேண்டும்.

பழமொழி முழுவதும் பொய் என்று சொல்ல மாட்டேன். டயசெபாம், அல்ப்ரசோலாம் போன்ற பென்சோடயசெபைன் மாத்திரைகளுக்கு அது ஏறக்குறையப் பொருந்தும். காபா என்ற தணிக்கும் வேதிப்பொருளின் வேலையை இவை மிகுவிப்பதால், பதற்றம் அரைமணி ஒருமணியில் இறங்கிவிடும். அந்த விரைவே அதன் வினை. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் உடல் பழகிவிடுகிறது. திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். நீண்ட நாள் உண்ண வேண்டியதை மூன்று நாளில் விடுகிறோம். மூன்று நாளில் விட வேண்டியதை முப்பது ஆண்டு உண்கிறோம்!

மனச்சோர்வு மருந்தை, நலமடைந்த பின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். பலமுறை நோய் திரும்பியவர்கள் இன்னும் நெடுங்காலம் உண்ண வேண்டியிருக்கும். நிறுத்தும்போதும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பராக்ஸெட்டினையும் வென்லாஃபாக்ஸினையும் சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு தோன்றுவதுண்டு. அதை நோய் திரும்பிவிட்டதாகவோ, மருந்துக்கு அடிமையாகிவிட்டதாகவோ எண்ணி அஞ்சுகிறார்கள்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். உளவியல் சிகிச்சையைப் பின்னொரு நாள் பேசுவேன். என் கோரிக்கையை மட்டும் முன்வைக்கிறேன். முதல் மாத்திரை எழுதப்படும் நாளிலேயே நோயாளியின் கையில் ஒரு தாள் தரப்பட வேண்டும். பயன் எந்த வாரத்தில் தொடங்கும், முதல் நாள்களில் என்ன தொல்லை வரும், எவ்வளவு காலம் உண்ண வேண்டும், எந்தச் சோதனை எப்போது, எப்படிக் குறைத்து நிறுத்துவது, இளைஞரானால் தற்கொலை எண்ணம் தலைதூக்கினால் யாரை உடனே அழைப்பது ஆகியவை அதில் அவரது தாய்மொழியில் இருக்க வேண்டும். அத்தாளின் மாதிரி வாயிலருகே உள்ள மேசையில் வைக்கப்பட்டிருக்கிறது. மருத்துவர்கள் அதைத் திருத்தித் தருக. மற்றவர்கள் அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது இதைக் கேட்டுப் பெறுக. வாய்ப்பளித்த அனைவருக்கும் நன்றி கூறி அமைகிறேன்.