காது முன்னே போகும் பாதை

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

அதிகம் பேர் போகாத ஓர் அருவியைத் தேடி நடக்கும்போது கண்ணைவிடக் காதுதான் நமக்கு முன்னே போகிறது. அந்த நடையைப் பற்றிப் பேச வானொலி அழைத்ததில் எனக்கு இரட்டை மகிழ்ச்சி.

ஊரறிந்த அருவிக்குப் படிக்கட்டு இருக்கும், கைப்பிடிக் கம்பி இருக்கும். இங்கே இருப்பது ஒற்றையடிப் பாதை. அதுவும் பாதி வழியில் புதருக்குள் மறைந்துவிடும். அப்போது நான் நடப்பதை நிறுத்திவிட்டு, மூச்சு அடங்கும்வரை அசையாமல் நிற்பேன். நடக்கிற வரைக்கும் காலடிச் சத்தமும், மூச்சிரைப்பும், தோள்பையின் வார் உரசுவதும் காதை நிறைத்திருக்கும். அவை அடங்கிய பிறகுதான் எங்கோ ஆழத்திலிருந்து ஒரு முழக்கம் எட்டும். காற்றாக இருக்குமோ என்று சந்தேகம் வரும். கொஞ்ச நேரம் பொறுத்துக் கேட்டால் தெரிந்துவிடும். மரங்களில் புகும் காற்று ஏறி இறங்கும். அருவி ஒரே சீராக ஒலித்துக்கொண்டிருக்கும்.

அடிவாரத்தில் வசிப்பவர்களிடம் “அருவி எங்கே இருக்கிறது?” என்று நான் கேட்பதில்லை. “இரவில் தண்ணீர்ச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வரும்?” என்று கேட்பேன். தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே இருப்பது வெதுவெதுப்பாக நிற்கும். அப்போது ஒலி மேலே போய்ச் சிதறாமல் வளைந்து தரைக்கே திரும்புகிறது. பகலில் கேட்காத அருவி இரவில் வீட்டு வாசலில் கேட்பது அதனால்தான். கைநீட்டிக் காட்டுவார்கள், அந்தக் கை அநேகமாகப் பிசகாது. பெரு நாட்டின் கோக்டா அருவி 771 மீட்டர் உயரம். வெளியுலகம் அதைப் பற்றிக் கேள்விப்பட்டது 2006-ஆம் ஆண்டில். அதன் அடியிலுள்ள ஊர்க்காரர்களோ தலைமுறை தலைமுறையாக அதைப் பார்த்து வாழ்ந்தவர்கள். ஆகவே “நான் கண்டுபிடித்த அருவி” என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

தண்ணீர் பாறையில் மோதுவதால்தான் அந்த ஓசை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அதில் பெரும்பங்கு காற்றுக் குமிழிகளுடையது. விழுகிற நீர் காற்றையும் தன்னோடு மடுவுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. உள்ளே சிக்கிய ஒவ்வொரு குமிழியும் சுருங்கி விரிந்து, தட்டிய மணி போல அதிர்கிறது. மின்னார்ட் என்ற அறிவியலாளர் 1933-இல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்கு ஏறத்தாழ 3,300 முறை அதிரும். 1 சென்டிமீட்டர் ஆரமென்றால் 330 முறை. சிறு குமிழி சீறும், பெருங்குமிழி முழங்கும். சீறலை இலைகளும் காற்றும் வழியிலேயே விழுங்கிவிட, முழக்கம் மட்டும் காட்டைத் தாண்டி வருகிறது. முழக்கத்தோடு ‘ஸ்ஸ்’ என்ற சீறலும் சேர்ந்தால், நான் பையின் வாரை இறுக்கிக்கொள்வேன். அருவி அருகில் வந்துவிட்டது.

நேரக் கணக்குக்கு நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன விதி இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அது நல்ல பாதைக்கான கணக்கு. புதரை விலக்கிப் போகிறவர்கள் தாராளமாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். பகலில் பாதி கழிந்தும் ஒலி எட்டவில்லையென்றால் நான் திரும்பிவிடுவேன்.

அவ்வளவு தூரம் கூட்டிவந்த காது, அருவியின் அடியில் நம்மைக் கைவிட்டுவிடுகிறது. இதை நான் கசப்பாகத்தான் கற்றேன். ஒருமுறை என்னோடு வந்த நண்பர், மடுவின் ஓரத்தில் கறுத்து மினுங்கிய ஒரு பாறையில் கால் வைத்தார். அந்த மினுமினுப்பு பாசி. நான் பத்தடி தள்ளி, அவருக்கு முதுகு காட்டி, பாறையிடுக்கில் ஒரு பெரணி இலையின் நுனியில் திரண்ட சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று சொட்டு விழும்வரை பார்த்தேன். திரும்பியபோது அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வாய் அசைந்தது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. என்னைப் பலமுறை கூப்பிட்டாராம். எலும்பு முறிந்திருந்தது. அந்த நாளிலிருந்து அருவியை நெருங்கும் முன்பே கைச்சைகைகளைப் பேசி வைத்துக்கொள்கிறோம். ஆளுக்கொரு விசிலும் கழுத்தில் தொங்குகிறது. ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது ஆல்ப்ஸ் மலையேறிகளின் ஆபத்துக் குறி.

இதே சிக்கல் தவளைகளுக்கும் உண்டு. சீனாவின் ஓடைத்தவளை ஒன்று நீரின் இரைச்சலுக்கு மேலே, மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியில் குரல் கொடுக்கிறது. போர்னியோவிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் சில தவளைகள் பின்னங்காலை நீட்டி, விரல்களை விரித்துக் காட்டிச் செய்தி சொல்கின்றன. எங்கள் கைச்சைகையை அவை எங்களுக்கு முன்பே பழகியிருக்கின்றன.

குதிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெண்ணுரை பொங்கும் இடத்தில் நீரில் பாதி காற்று என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நீர் உடலைத் தாங்காது. விழும் வேகமோ கீழே அமுக்கும். நீந்தத் தெரிந்தவர்களும் அங்கே மூழ்குகிறார்கள். நுரை அடங்கி, அடிக்கல் தெரியும் இடத்தில் இறங்குங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்; மலையின் மேலே மழை கொட்டியிருக்கும். தெளிந்த நீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், ஓசை சட்டென்று கனத்தால், செருப்பைக்கூடத் தேடாதீர்கள். ஓடையோடு கீழே ஓடாமல் பக்கவாட்டுச் சரிவில் ஏறுங்கள். காட்டாற்று வெள்ளம் நம் ஓட்டத்தைவிட வேகமானது.

திரும்பும்போது எல்லாம் தலைகீழாக நடக்கும். முதல் வளைவில் சீறல் நின்றுவிடும். முழக்கம் வெகுதூரம் கூடவே வரும். நண்பரும் நானும் ஒவ்வொரு முறையும் ஓரிடத்தில் நிற்போம். இதற்கு மேல் ஓரடி வைத்தால் அது கேட்காது என்று தோன்றும் இடம். மூச்சு அடங்கும்வரை நிற்போம். பிறகு அவர் நடக்கலாமா என்று கையை அசைப்பார்.

நன்றி, வணக்கம்.